எங்கள் கைகள் பழகிய உடம்பு

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. கொடுமுடிப் பக்கம் அவள் அண்ணன் மக்கள் இன்னும் இருக்கிறார்கள். தங்கள் அத்தை எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பதை அவர்களுக்கு யாரும் முழுசாகச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நாங்கள் ஆறு பெண்கள் நர்ஸ் வேலை பழகினோம். ஐந்து பேர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சர்ச்சில் பாடி, வாய் நீண்டவர்கள். என் வாய் இன்னும் கொஞ்சம் நீளம். ஆறாவது ஆள் அக்கா. காவிரிக் கரையில் வயலும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைக் காலரா கொண்டுபோய்விட்டது. அண்ணியின் பிரசவத்துக்குத் துணையாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவள், பத்து நாளில் வார்டையே எடுத்துச் செய்ததைப் பார்த்து டாக்டரம்மா அவள் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணனுக்கு மனசே இல்லை. "ஒரு தடவ பாக்கட்டுமுங்க, முடியலீனா ஊட்டுக்கு வந்துரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். வீட்டில் மாட்டுக் கட்டுத்தறிக்கும் அடுப்படிக்கும் நடுவே அவளுக்கென்று ஒரு மூலை காத்திருந்தது.

வந்த முதல் வருஷமே அவள் டைபாய்டில் படுத்துவிட்டாள். எங்கள் ஆஸ்பத்திரிச் சட்டம் பொல்லாதது. பழகுகிற பெண் ஒரு வாரத்துக்கு மேல் படுத்தால் அந்த வருஷப் படிப்பு போயிற்று. இரண்டாம் தடவை படுத்தால் உடம்பு இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை ஆகிவிட்டது. எங்களோடு சேர்ந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வேலை பழக எங்களுக்குத் தனியாக ஒரு ரூம் இருந்தது. ஓர் இரும்புக் கட்டில், ஒரு மேஜை, வைக்கோல் திணித்த பொம்மை ஒன்று. அந்தப் பொம்மையின் வயிற்றை எலி தின்றுவிட்டிருந்தது. மதராசுக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம், புதுசு வரும் வரும் என்றார்கள், நான் படிப்பை முடிக்கும்வரை வரவில்லை. ஆகையால் எங்களில் ஒருத்திதான் கட்டிலில் நோயாளியாகப் படுக்க வேண்டும், மற்றவர்கள் அவள்மேல் பழக வேண்டும். கட்டுப் போடுவது, உடம்பு துடைப்பது, வயிற்றை அமுக்கிப் பார்ப்பது, ஒத்தடம், கடுகுப் பற்று, கடைசியில் ஊசி.

யார் படுப்பது என்று முதல் நாள் சிஸ்டர் கேட்டபோது ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம். அக்கா, "நான் படுத்துக்கறனுங்க" என்று செருப்பைக் கழற்றினாள். அன்றைக்குப் படுத்தவள்தான், இரண்டு வருஷம் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் திருநெல்வேலிச் சீமைக்காரர். கண்டிப்பானவர், ஆனால் நியாயஸ்தர். ஒருத்தி வேலையைச் சரியாகச் செய்தாளா என்று அவர் பார்ப்பது அவளுடைய கையை அல்ல, படுத்திருப்பவளின் முகத்தை. "ஏ பிள்ளே, வலிக்கா?" என்று கேட்பார். முகம் சுளிக்கவில்லை என்றால் செய்தவள் தேறிவிட்டாள். இது நல்ல முறைதான். நோயாளியின் முகத்தைவிடச் சரியான பரீட்சை எது? ஆனால் படுத்திருந்தது அக்கா.

"வலிக்கலீங்க சிஸ்டர்" என்பாள். எப்போதும் இதே பதில்தான்.

என் முதல் ஊசி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை அவள் கையில் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்து ஊசி எவ்வளவு தடிமன் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அதையே கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து, கல்லில் தீட்டித் தீட்டி உபயோகிப்போம். ஊசியைக் கிட்டே கொண்டுபோவதும் திருப்புவதுமாக இருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "காலைல என்ன அம்மணி தின்னே, இட்லியா பழசா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ஊசி எலும்பில் போய் இடித்தது. இடித்தது எனக்குத் தெரிந்தது. "நீ பாட்டுக்குச் செய்யி" என்றாள். சிஸ்டர் கேட்டதற்கு வலிக்கலீங்க என்றாள். நான் தேறிவிட்டேன், அன்று மத்தியானம் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஆறே மாதத்தில் எங்கள் செட்டுக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் கை படிந்த பெண்களைப் பார்த்ததே இல்லை என்று சிஸ்டர் டாக்டரம்மாவிடம் பெருமையடித்தார். நாங்களும் தலைகால் தெரியாமல்தான் திரிந்தோம். அக்காவுக்கு மரப்பாச்சி என்று பெயர் வைத்தோம். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள். ஒருநாள் குளிக்கும் இடத்தில் அவள் முதுகைப் பார்த்தேன். கடுகுப் பற்றைப் போட்டு எடுக்க மறந்துவிட்டு அரட்டையடித்தவள் எங்களில் யாரோ. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, நீர் வைத்திருந்தது. தேங்காயெண்ணெயைத் தன் கையாலேயே எட்டி எட்டித் தடவிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை உணர்ந்து, "வேர்க்குரு அம்மணி" என்றாள். நர்ஸ் வேலை பழகுகிறவளிடம் போய் வேர்க்குரு என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் சிரித்ததை நினைத்தால் இப்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், மற்றவர்கள் வலியில் அவளை ஏமாற்ற முடியாது. எங்கள் பக்கத்துப் பெண்களைப் பற்றித் தெரியுமல்லவா? உயிர் போனாலும் "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்பார்கள். டாக்டரம்மாவுக்கு மரியாதை குறைந்துவிடுமாம். அக்கா அவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவதே இல்லை. கால்மாட்டில் போய் நிற்பாள். "ஏனுங்க, கால் விரல மடக்கிப் புடிச்சுட்டுப் படுத்திருக்கறீங்களே, எங்கீங்க நோவுது?" என்பாள். அந்த அம்மாள் சட்டென்று அழுதுவிடுவாள். புடவைத் தலைப்பைச் சுருட்டியிருப்பது, கஞ்சியை ஒரு வாய் குறைத்துக் குடிப்பது, மூச்சைப் பாதியில் நிறுத்துவது, எல்லாம் அவளுக்குத் தெரியும். டாக்டரம்மாவே சில சமயம் அவளைக் கூப்பிட்டு, "நீ பார்த்துச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு தெரிந்தவள் தன் விஷயத்தில் மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்து அதிக நாள் ஆகியிருக்காத சமயம். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி தலைச்சுமையோடு வழுக்கி விழுந்து முன்னங்கை முறிந்து வந்தாள். டாக்டரம்மா எலும்பைச் சேர்த்து இரண்டு பக்கமும் மரச்சிம்பு வைத்துக் கொடுத்தார், மேலே துணிச் சுற்றைக் கட்டியவள் நான். கட்டுவதில் நான்தான் எங்கள் செட்டில் முதல்.

"அம்மணி, ரொம்ப இறுக்குதுங்க" என்றாள் அந்தப் பெண்.

"அப்படித்தானுங்க இருக்கும். லூசா கட்டுனா எலும்பு சேராதுங்க."

"விரலெல்லாம் மதமதங்குதுங்க."

"செத்த நேரத்துல சரியாயிருமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் கணக்கு என்ன தெரியுமா? இதைவிட இறுக்கமாக அக்காவுக்கு நூறு தடவை கட்டியிருக்கிறேன், அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இந்தப் பெண்ணுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வார்டுக்குள் போனால், அக்கா கத்தரியை வைத்து என் கட்டை வெட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் விரல்கள் வீங்கி, நகமெல்லாம் நீலம் பாய்ந்து, தொட்டால் சில்லென்று இருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கை கையாகவே இருந்திருக்காது. அக்கா ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். நிறம் திரும்ப வெகு நேரமாயிற்று.

அன்று சாயங்காலம் துணி உலர்த்தும் இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்கக்கா, இப்படித்தானே உங்க கையில ஒரு வருசமா கட்டிட்டிருக்கறேன். இறுக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"சொன்னா நீ பயந்துக்குவே அம்மணி. பயந்த கை ஒண்ணும் கத்துக்காது."

"கத்துக்கிட்ட லட்சணத்தத்தான் இன்னைக்குப் பாத்தீங்களே!"

அவள் ஈரத் துணியை உதறிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அதுக்குத்தான் நா இருக்கறனே. நீங்க செஞ்சுபோட்டுப் போன பொறவு ஒரு சுத்துப் போயிப் பாத்துக்கறேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஐந்து பேர் பின்னாலும் அவள் தினமும் நடந்துகொண்டிருந்தாள். நாங்கள் இறுக்கிய கட்டைத் தளர்த்தி, நாங்கள் சுடவைத்த ஒத்தடத்தை எடுத்து, நாங்கள் ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டு. கை படிந்த செட் என்று சிஸ்டர் சொன்னதெல்லாம் அவள் ஒருத்தி பின்னால் வந்து சரிசெய்த வேலை.

"சிஸ்டர்கிட்டச் சொல்லீர்றேன்" என்றேன்.

"சொன்னா என்னைய எதுக்குங்க வெச்சிருப்பாங்க? இங்கிலீசும் வரல, எழுத்தும் வரல. படுக்கறதுக்கு ஆகுறேன்னுதான் உட்டிருக்கறாங்க. பரீச்சை முடியட்டும் அம்மணி." என்னிடம் பேசும்போது வராத 'ங்க' அன்று வந்தது. கெஞ்சுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். என் நல்ல பெயருக்காகவும்தான்.

அடுத்த வருஷம், பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. மதராசிலிருந்து ஆள் வந்து நடத்துவார்கள். ஒரு திங்கட்கிழமை அக்கா காலைக் கஞ்சியைத் தொடவில்லை. வலது பக்கம் லேசாகச் சாய்ந்து நடந்தாள். அவளிடமிருந்தே நாங்கள் கற்றிருந்தால் அந்த நடை ஒன்றே போதும். ஆனால் நாங்கள் அவள் உடம்பில் பழகியவர்கள், அவள் கண்ணால் பார்க்கப் பழகியவர்கள் இல்லை. நான் கேட்டதற்கு, "வகுறு மந்தமா இருக்குது" என்றாள். சிஸ்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடு இருக்கே. வயித்துல வலி உண்டா பிள்ளே?"

"வலியெல்லாம் இல்லீங்க. மந்தமுங்க. ரெண்டு நாளா வெளிய போகலீங்க."

"அப்படின்னா வெளக்கெண்ணெய் குடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வயிற்றில் வலி என்று ஒருவர் சொன்னால் எக்காரணத்தைக் கொண்டும் பேதிக்குக் கொடுக்கக் கூடாது. எங்களுக்குச் சொல்லித்தந்த பாடத்திலேயே இதுதான் தலையான பாடம். குடல்வால் பழுத்திருந்தால் விளக்கெண்ணெய் அதை உடைத்துவிடும், உடைந்தால் ஆள் பிழைப்பது அபூர்வம். அதற்கு முந்தின வாரம்தான் சிஸ்டர் ஒவ்வொருத்தியாக எழுப்பி இதை ஒப்பிக்கச் சொன்னார். தடுமாறாமல் சொன்னவள் அக்கா ஒருத்திதான்.

விளக்கெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோனேன். அவள் அதை வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுங்களா அக்கா? நெசமாச் சொல்லுங்க."

"இல்ல அம்மணி."

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். நல்ல வயிறு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்ததே அந்த வயிற்றை வைத்துத்தான். எத்தனை தடவை அமுக்கிப் பார்த்திருக்கிறேன்! அன்று வலது பக்கம் பலகைபோல் இறுகியிருந்தது. என் கைக்குத் தெரிந்துவிட்டது. சத்தியமாகத் தெரிந்துவிட்டது. ஆனால் முகத்தைப் பார்த்தேன், அவள் சிரித்தாள். இரண்டு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் தேறினேன். அதை நம்பினேன். வலிக்கிறது என்று சொன்னால் அவள் படுக்க வேண்டும், படுத்தால் கொடுமுடிக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று கிண்ணத்தைத் தள்ளினாலும் வலியைச் சொன்ன மாதிரிதான். அவள் கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். கிண்ணத்தின் அடியைத் தாங்கிப் பிடித்திருந்தது என் கை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. டாக்டரம்மா பொள்ளாச்சிப் பக்கம் வைத்தியம் பார்க்கப் போகும் நாள். காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை, முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். வலிக்கவில்லை என்பதை மட்டும் விடாமல் சொன்னாள். சிஸ்டருக்கு என்னவோ போலிருந்தது. "பத்து மணிக்குள்ள எந்திரிக்கலேன்னா பொள்ளாச்சிக்கு ஆள் அனுப்பிருவேன்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பதரை மணி இருக்கும். அவள் முழங்கால் மெல்ல நீண்டது. ஒரு பெரிய மூச்சு விட்டாள். முகம் தெளிந்துவிட்டது.

"அம்மணி, நேத்துப் பூரா உசுர் போற வலி. இப்ப நின்னுபோச்சு."

தனக்கு வலி என்று அவள் சொல்லி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது போன பிறகுதான் சொன்னாள்.

"எதுக்குங்கக்கா சொல்லல?" என்று அழுதேன்.

"இப்பத்தான் நின்னுபோச்சே. சிஸ்டருகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. பரீச்சைக்கு உடமாட்டாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை குளிர்ந்து வேர்த்திருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. ஓடிப்போய், "அக்காவுக்கு நல்லாயிருச்சுங்க சிஸ்டர், சிரிச்சுட்டுப் படுத்திருக்கறாங்க" என்றேன். நேற்றெல்லாம் உயிர் போகிற வலி இருந்தது, அது இப்போது திடீரென்று நின்றுவிட்டது என்று முழுசாகச் சொல்லியிருந்தால் சிஸ்டருக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். பழுத்தது உடைந்தால் கொஞ்ச நேரம் வலி நிற்கும். அவர் பேனாவை எடுத்துப் பொள்ளாச்சிக்கு எழுதத் தொடங்கியிருந்த காகிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் வயிறு உப்பியது. வாந்தி எடுத்தாள், கண் குழிந்துவிட்டது. டாக்டரம்மா சாயங்காலம் வந்து இறங்கினவுடனே நேரே வந்து வயிற்றில் கை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"வலி எப்போ நின்னது?"

"காலைல ஒம்பதரைக்குங்க" என்றேன். சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டரம்மா கை கழுவப் போனார். அன்றே அறுத்தார்கள். வியாழக்கிழமை காலையில் அக்கா போய்விட்டாள். கடைசி இரண்டு நாளும் அவளுக்கு நினைவு இருந்தது. கேட்டவர்களிடம் எல்லாம் பரவாயில்லீங்க என்றாள்.

அண்ணன் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பரீட்சையில் நாங்கள் ஐந்து பேரும் தேறினோம், அதிலும் நான் முதலாவதாக. எனக்கு அங்கேயே வேலை கொடுத்தார்கள். புதுசாகப் பெண்கள் வந்தார்கள். பழகுகிற ரூமில் சிஸ்டருக்கு ஒத்தாசையாக நான் நின்றேன்.

யார் படுப்பது என்று சிஸ்டர் கேட்டார். எல்லாப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒல்லியான ஒருத்தி, பதினெட்டு வயதுகூட இருக்காது, எழுந்து வந்து படுத்தாள். இன்னொருத்தி அவள் கையில் ஊசியைக் கோணலாகக் குத்தினாள், ரத்தம் முத்துமுத்தாக வந்தது. அக்கா போனதிலிருந்து சிஸ்டர் வலிக்கா என்று கேட்பதையே விட்டிருந்தார். கேட்டது நான்.

"இல்லீங்கக்கா, நல்லாத்தானுங்க இருக்குது" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அவள் மேல்கையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினேன். "வலிக்குதா?" என்றேன். இல்லீங்க என்றாள். இன்னும் திருகினேன். சிஸ்டர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார், நான் விடவில்லை. மற்றப் பெண்கள் சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்று தடவை இல்லை என்றாள். நாலாவது தடவை, "ஐயோ வலிக்குதுங்க, உடுங்கக்கா, வலிக்குதுங்க!" என்று அலறி எழுந்து உட்கார்ந்தாள்.

அவள் படிப்பு முடிந்து போகும்வரை என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.